கடல்பாசி வளர்ப்பில் நட்டம் எங்கிருந்து வரும்? நெல்லைக் கரையோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணப்பாட்டிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கும் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பது என் வேலை. பாசி வளர்ப்பு என்ற பேச்சு ஊருக்குள் வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் வாய்வார்த்தையாகவே இங்கே எழுதியிருக்கிறேன். லாபக் கணக்கைச் சொல்ல நிறையப் பேர் வருகிறார்கள். நட்டம் எந்த வழியாக வரும், வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதற்காகத்தான் இது.

பாசின்னா எந்தப் பாசி? கல்லுல எடுக்கதா, மிதவையில வளக்கதா?

இரண்டும் வேறு வேறு தொழில், ஆபத்தும் வேறு வேறு. கல்லில் எடுப்பது நம் கடலில் தானாக விளைவது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டும் அகர் தயாரிக்கப் போகும். மதுரைப் பக்கத்து அகர் ஆலைகள் பல காலமாக இதை வாங்குகின்றன. நோன்பு நாளில் மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற கடல்பாசி இந்த அகர்தான். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட் என்ற பொருளுக்குப் போகும்.

மிதவையில் வளர்ப்பது பெரும்பாலும் கப்பாபைகஸ். தென்கிழக்கு ஆசியக் கடல் பாசி இது. 1980களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் சோதித்துப் பார்த்த பிறகு, 2000க்குப் பின் ராமநாதபுரம் கரையில் தொழிலாக நிலைத்தது. இதிலிருந்து எடுக்கும் காராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது, பிழிந்த சாறு பயிருக்குத் தெளிக்கும் திரவமாகிறது. கீழே பெரும்பாலும் இந்தப் பாசியைப் பற்றித்தான். கல்லில் எடுப்பதற்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரு மிதவை எவ்வளவு பெருசு? ஒரு ஆளுக்கு எத்தனை போடணும்?

வழக்கமான மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு விதை. மொத்தம் 60 கிலோ விதைப் பாசி பிடிக்கும். அடியில் வலை கட்டி, பத்துப் பத்து மிதவையாகச் சேர்த்து நங்கூரம் போடுவார்கள். 45 நாளில் நன்றாக வந்தால் ஒரு மிதவையில் 260 கிலோ வரை ஈரப் பாசி கிடைக்கும். 60 கிலோவை மறு விதைக்கு எடுத்துவிட்டால் மீதி 200. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 கிலோ.

மண்டபம் பக்கம் ஒரு ஆளுக்கு 45 மிதவை என்று வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு ஒன்றாகக் கட்டி, நாளைக்கு ஒன்றாக அறுப்பார்கள். தினக்கூலி போலக் காசு வரவேண்டும் என்பதற்காக வந்த பழக்கம் என்றாலும், இதற்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எந்த நாளில் கெடுதல் வந்தாலும் எல்லா மிதவையும் ஒரே பருவத்தில் மாட்டாது. பத்து நாள் பாசி போகலாம், நாற்பது நாள் பாசியை முந்தி அறுத்துக் கரையேற்றிவிடலாம். மானியம் வந்த உற்சாகத்தில் எல்லா மிதவையையும் ஒரே வாரத்தில் கட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அண்ணாச்சி ஒருத்தர் நம்ம கடல்ல நிக்காதுங்காரு. உவரி, இடிந்தகரை அலைக்கு மூங்கில் தாங்குமா?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாசி வளர்ப்பு வேரூன்றிய பாக் விரிகுடா ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். நம்முடையது திறந்த கடல். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கிற அடிக்கு மூங்கில் சட்டம் மூட்டு மூட்டாகப் பிரிந்துவிடும். அதற்கு முன்னால் சித்திரை வெயில், அதற்குப் பின்னால் ஐப்பசி கார்த்திகை மழை. ஆண்டு முழுக்க அறுக்கலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கரையில் நிம்மதியாகச் செய்யக்கூடிய மாதங்கள் குறைவு.

ஆனால் முடியவே முடியாது என்றும் இல்லை. அலை கூடிய கடலுக்கு மூங்கிலுக்குப் பதிலாகக் குழாய் வலை இருக்கிறது. உருளையான வலைக்குள் விதையைத் திணித்து, நீட்டக் கயிறாக மிதக்கவிடுவார்கள். அலையோடு சேர்ந்து வளைந்து கொடுப்பதால் உடைவது குறைவு. மணப்பாட்டில் மணல் திட்டு கடலுக்குள் நீண்டு கிடப்பதால் ஒரு பக்கம் அடங்கிய தண்ணீர் கிடைக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒதுங்கிய இடம் உண்டா, தூண்டில் வளைவுக்கு (கரை காக்கப் போட்ட கல் தடுப்புக்கு) உள்பக்கம் நீரோட்டம் எப்படி என்று வள்ளம் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். பயிற்சி கொடுக்க வருகிறவர்களை விட அவர்களுக்குத் தெரியும்.

புயல் வந்தா கூண்டு ஏத்துவாங்கள்லா? அதைப் பாத்துட்டு மிதவையை இழுத்துப் போட்டா போச்சு.

புயலுக்கு அது சரி. தூத்துக்குடி துறைமுகத்தில் கூண்டு ஏறினால் ஊருக்கே செய்தி வந்துவிடும். ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஓகி நம் தெற்கே கன்னியாகுமரிக் கடலில் எவ்வளவு சீக்கிரம் வலுத்தது என்று நினைவிருக்கும். கூண்டைப் பார்த்த பிறகு பத்து மிதவையை இழுக்கலாம், இருநூறை இழுக்க ஆளும் வள்ளமும் எங்கே?

கள்ளக்கடல் இன்னும் மோசம். காற்று இருக்காது, மேகம் இருக்காது. எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய நெடும் அலை நம் கரையில் வந்து எழும்பும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த அலைக்குத் தனியாக முன்னறிவிப்பு கொடுக்கிறது. குழுவில் ஒருவர் பங்குனி முதல் வைகாசி வரை தினமும் அதைப் பார்ப்பது என்று வேலை பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்ப்போம் என்றால் யாரும் பார்க்க மாட்டோம்.

மழை வெள்ளம் பாசியை என்ன செய்யும்? அது தண்ணிக்குள்ளதான கெடக்கு.

தண்ணீர்தான், ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் மேலே பரவினால் உப்பு குறைந்து பாசி நலியும். மிதவை மேல்மட்டத்தில் கிடப்பதால் அடி முதலில் அதற்குத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி புன்னைக்காயலில் கலந்தபோது கடல் செம்மண் நிறத்தில் கிடந்தது. உப்பு குறைவது ஒரு கெடுதல் என்றால் சேறு படிவது இன்னொரு கெடுதல்.

புன்னைக்காயலில் தாமிரபரணி, மணப்பாட்டில் கருமேனியாறு, உவரிக்குப் பக்கத்தில் நம்பியாறு. இந்த முகத்துவாரங்களை விட்டுத் தள்ளித்தான் இடம் பார்க்க வேண்டும். கருமேனியாறும் நம்பியாறும் பல மாதம் வறண்டு கிடப்பதால் இடம் பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படாது. கார்த்திகையில் அவை எந்தப் பக்கம் திரும்பி ஓடும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

பாசி வெளுத்துப் போயிரும்னு சொல்லுதாவளே, அது என்ன நோயி?

பழுப்பும் பச்சையுமாக இருக்கிற கிளையின் நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை வளையம் தெரியும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் அங்கே ஒடிந்து, மேல்பாதி கடலோடு போய்விடும். கயிற்றில் வெறும் கட்டைதான் மிஞ்சும். தண்ணீர்ச் சூடு, உப்புக் குறைவு, நீரோட்டம் இல்லாமை போன்றவற்றால் நலிந்த பாசியில் பாக்டீரியா ஏறுவதால் இது வருகிறது. சூடு 30 பாகையைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கவனம் வேண்டும். வெளுப்பு இல்லாமல் மயிர் மயிராகச் சிவப்புப் பாசி மேலே ஒட்டி வளர்வது வேறு தொல்லை. அதுவும் விளைச்சலைத் தின்னும்.

மருந்து கிடையாது. கடலில் மருந்து அடிக்கவும் முடியாது. வெளுத்த கிளைகளைக் கிள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து புதைக்க வேண்டும், கடலிலேயே உதறிவிடக் கூடாது. பக்கத்து மிதவைக்கு நீங்களே கொடுத்தது போலாகிவிடும். மீதியைக் கொஞ்சம் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கலாம், அல்லது முந்தியே அறுக்கலாம். தமிழ்நாட்டுக் கரை முழுக்க 2012-13ல் ஏறத்தாழ 1,500 டன் காய்ந்த பாசி எடுத்தார்கள். அதற்கடுத்த பருவத்தில் பாசி கூட்டம் கூட்டமாக மடிந்து தொழிலே படுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு நல்லபடியாக ஓடிய தொழில் அது. நன்றாக ஓடுகிற காலத்தில் இதை நினைவில் வைப்பவர்கள் குறைவு.

வெதைப் பாசி எங்க வாங்க? எல்லாரும் ஒரே எடத்துல வாங்குனா செலவு கொறையும்லா?

செலவு குறையும், ஆபத்து கூடும். கப்பாபைகஸை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. துண்டு வெட்டிக் கட்டுகிறோம். முதலில் வந்த ஒரு செடியின் துண்டு, அதன் துண்டு என்று தொடர்ந்து வந்தவைதான் பெரும்பாலும். எல்லாம் ஒரே பிறவி என்பதால் ஒன்றுக்குத் தாங்காதது எதற்கும் தாங்காது. மேலே சொன்ன மடிவு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் ஆராய்ச்சி நிலையங்கள் திசு வளர்ப்பு முறையில் புது விதை தயாரிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உயிர்ப்பாசி கொண்டுவர மத்திய அரசும் 2024ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. முடிந்தால் இரண்டு இடத்து விதை வாங்கி, தனித்தனி வரிசையில் கட்டி, எது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

மண்டபத்திலிருந்து உவரிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கடல் தண்ணீரில் நனைத்த சாக்கு போட்டு, வெயில் படாமல், இரவில் கொண்டுவர வேண்டும். வழியில் காய்கிறதே என்று பம்புசெட்டுத் தண்ணீர் தெளித்தால் அத்தோடு முடிந்தது.

ஓரா மீனு, ஆமை வந்து தின்னுட்டுன்னா?

தின்னும். இளங்கொழுந்தைத்தான் முதலில் கடிக்கும். அடிவலை ஓரளவு காக்கும். ஆமையை அடிப்பதோ வலையில் பிடிப்பதோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேய்ச்சல் அதிகம் என்றால் இடத்தை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

மானியம் உண்டுன்னாவ. அப்போ நட்டம் வந்தா அரசாங்கத்துக்குத்தான, நமக்கென்ன?

2020ல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் என்று அலகுத் தொகை வைத்திருந்தார்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அதில் 60 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு மானியம். விண்ணப்பிக்கும்போது நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் மூங்கிலுக்கும் கயிற்றுக்கும்தான். உங்கள் உழைப்புக்கோ, போன பாசிக்கோ அது ஈடு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மானியத்தில் வந்த பொருள் என்றால் கவனம் குறைகிறது. சொந்தக் காசில் வாங்கிய மிதவையின் முடிச்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறவர்கள், மானிய மிதவையை வாரம் கழித்துத்தான் பார்க்கிறார்கள். நான் பார்த்த வரையில் மூங்கில் பிரிவதில் பாதி அலையால், பாதி இதனால்.

அக்கா, வாரத் தவணைக் கடன் எடுத்துப் போட்டுட்டு, பாசி வித்து அடைச்சிரலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கணக்கைப் பாருங்கள். இன்று கட்டினால் 45 நாள் கழித்து அறுப்பு. காய இரண்டு மூன்று நாள். வாங்குகிறவர் வண்டி வர, பணம் வர இன்னும் சில நாள். ஆக இரண்டு மாதம். வாரத் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும், எட்டுத் தவணை கையை விட்டுக் கட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. 45 மிதவைக்கு 2,700 கிலோ விதை வேண்டும். அவ்வளவையும் விலைக்கு வாங்காமல் பத்து மிதவையில் தொடங்கினால், முதல் அறுப்பு முழுக்க மற்ற மிதவைகளுக்கு விதையாகத்தான் போகும். விற்றுக் காசு பார்ப்பது இரண்டாம் அறுப்பில், நூறு நாளுக்கு மேல். அதற்குள் ஒரு கள்ளக்கடல், ஒரு வெளுப்பு என்று ஏதாவது வந்தால், அந்தத் தவணைக்கு இன்னொரு இடத்தில் வாங்குவீர்கள். கடலில் போன பாசி அடுத்த பருவத்தில் வந்துவிடும். இப்படிச் சுற்றிக்கொண்ட கடன் போகாது. நகை அடகுக் கடைக்குப் போய், பிள்ளை படிப்பு நின்று, குழுவில் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிற வரைக்கும் வரும்.

கடன் வேண்டுமென்றால் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டையைக் கேளுங்கள். திருப்பிக் கட்டும் காலம் அறுப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐந்து பேர் கூட்டுப் பொறுப்பில் கையெழுத்துப் போடும் முன், நான்கு பேர் கட்டாவிட்டால் அந்த நான்கு பங்கும் உங்கள் மேல் வரும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

ஒருத்தந்தான் வாங்குவான்னா, அவன் வச்சதுதான வெலை?

உண்மைதான். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தமாக வளர்ந்தது. வாங்கும் கம்பெனிக்காரர்கள் விதையும் பொருளும் முன்பணமாகக் கொடுத்து, பாசியை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். விலை நிச்சயம், விற்கும் தொல்லை இல்லை என்பது நல்லது. ஆனால் வாங்குகிறவர் ஒரு மாதம் வண்டி அனுப்பவில்லை என்றால் போவதற்கு வேறு கதவு இல்லை.

உலகச் சந்தையும் நம் கையில் இல்லை. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் 2008ல் காய்ந்த பாசி விலை சில மாதத்துக்குள் பல மடங்கு ஏறியது. கண்டவர்களும் கடலில் கயிறு கட்டினார்கள். முற்றாத பாசியை அறுத்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் விலை தரைக்கு வந்துவிட்டது. விலை ஏறும்போது மிதவையை இரட்டிப்பது ஆபத்து என்பதற்கு அதை விடப் பெரிய பாடம் வேண்டாம். ஒப்பந்தத்தில் மூன்றைக் கேளுங்கள்: குறைந்தபட்ச விலை எழுதப்பட்டிருக்கிறதா, எடுக்கத் தாமதமானால் என்ன, பாசி அழிந்தால் முன்பணத்தை யார் சுமப்பது. மூன்றாவதுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முப்பது நாள்லயே அறுத்துட்டா நோயி, புயலு எதுலயும் மாட்டாம தப்பிக்கலாமே?

ஆபத்து கண் முன்னால் இருக்கும்போது அது சரி. வழக்கமாக்கினால் தவறு. முற்றாத பாசியில் காராஜீனன் குறைவாகவும் வலுவில்லாமலும் இருக்கும். எடையும் வராது. ஆலை ஒருமுறை மட்டமான சரக்கு வாங்கினால் அடுத்தமுறை ஊர் முழுக்க விலை குறைக்கும். ஒருவர் அவசரத்துக்கு எல்லாரும் கட்டுகிறார்கள்.

காயவைப்பதும் அப்படியே. மணலில் போட்டால் மணல் ஏறும். எடைக்காக மணலை விட்டுவைக்கிறவர்களும் உண்டு, பிடிபடுவார்கள். வலைக்கட்டில் போட்டுக் காயவையுங்கள். காய்கிற பாசியில் ஒரு மழை பட்டால் வெளுத்துத் தரம் போய்விடும், தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உலகச் சந்தையில் ஈரம் நூற்றுக்கு 35 அளவில்தான் ஏற்பார்கள்.

மிதவை போட்டா கரைமடிக்காரங்க சண்டைக்கு வருவாங்களே, அதுக்கு என்ன செய்ய?

வருவார்கள், வந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும். கடலில் யாருக்கும் பட்டா கிடையாது. தலைமுறையாகக் கரைமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுத்த இடம், வள்ளம் ஏறி இறங்கும் வழி எல்லாம் ஊர் வழக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே நங்கூரக் கயிறு கிடந்தால் வலை கிழியும், வெளிப்பொருத்து மோட்டாரின் காற்றாடியில் சுற்றும். இரவில் ஒரு வள்ளம் மிதவையில் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பாசிக்காரர்களுக்கு நடக்கும் நட்டத்தில் அறுத்துவிடப்பட்ட கயிறுகளுக்கும் பங்கு உண்டு. அதற்கு எந்தக் காப்பீடும் இல்லை.

அதனால் மீன்வளத் துறைக்கு எழுதும் முன் ஊர்க் கமிட்டியில் பேசுங்கள். பங்குத்தந்தை முன்னிலையில் கரைமடி, வள்ளம், சிங்கிறால் வலை போடுகிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, எந்த மாதம் எந்த இடம் யாருக்கு என்று பேசி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான்கு மூலையிலும் மிதப்பும் கொடியும், இரவுக்கு ஒளிரும் பட்டையும் கட்டுங்கள். எந்தக் குடும்பமும் முழுக்க வெளியில் நிற்காதபடி குழு அமைந்தால் பாதிச் சண்டை வராது. தம்பி மனைவியின் மிதவைக் கயிற்றை அண்ணன் அறுக்க மாட்டான்.

ஆம்பளைங்க வேண்டாம்ங்காவ, நாங்க போடுவோம்ங்கோம், ஆபீசருங்க ஒண்ணும் ஆவாதுங்காவ. யாரு சொல்லுதது சரி?

அவரவர் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிற ஆபத்தை அவரவர் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கயிறும் அலையும் தெரிகிறது. தினமும் கச்சானில் போய் வருவதால் உயிராபத்தைச் சின்னதாகவும், பழக்கமில்லாத வங்கிக் கையெழுத்தைப் பெரிதாகவும் நினைக்கிறார்கள். பெண்களுக்கு மாதம் வருகிற காசு தெரிகிறது, கடன் பழகிப்போய்விட்டதால் அதன் ஆபத்து கண்ணில் படுவதில்லை. அதிகாரிக்கு இலக்கு, ஆராய்ச்சியாளருக்கு விதை, கம்பெனிக்கு ஈரமும் மணலும். எல்லாருடையதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் முழு ஆபத்தும் தெரியும்.

கடைசியாக நடந்ததை வைத்தே எல்லாரும் பயப்படுகிறோம் என்பதையும் கவனித்திருக்கிறேன். 2023 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டத்தில் எல்லாக் கேள்வியும் வெள்ளத்தைப் பற்றித்தான். நோயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நல்ல அறுப்பு வந்தால் எதைப் பற்றியும் கேள்வி வராது. அந்த நேரத்தில்தான் குழுவுக்குள் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

கல்லுல பாசி எடுக்கப் போற எங்களுக்கு முதல் போட வேண்டாம். அப்போ ஆபத்தும் இல்லல்லா?

முதல் உங்கள் உடம்புதான். பாறையில் கை கிழிவது, சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டுத் தடிப்பது, மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்பதால் நீர்க்கடுப்பு. கண்ணாடி, விரலுக்குத் துணி உறை, காலுக்கு ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள்.

பாசியை அடியோடு பிடுங்கினால் அந்தக் கல்லில் அடுத்த தடவை ஒன்றும் இருக்காது. வேர்ப்பிடியை விட்டு மேலே கிள்ளுங்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் சில நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது இப்படி முன்னின்றதற்காகத்தான். பாசியோடு கடல் அட்டையோ கடல் குதிரையோ வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். 2001ல் இரண்டையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பையில் ஒன்று கிடந்தாலும் வழக்குதான்.

இந்த வெளிநாட்டுப் பாசி பவளப்பாறையை மூடிரும்னு ஒருத்தர் சொன்னாரு. நாம கடலைக் கெடுக்கோமா?

இந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ளக் கூடாது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியிருந்ததை 2008ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தப் பாசி நம் கடலில் வித்து மூலம் பரவுவதில்லை, துண்டுகளை அப்புறப்படுத்தினால் அடக்கிவிடலாம் என்பது வளர்ப்பை ஆதரிப்பவர்கள் தரப்பு. துண்டே போதும், அலை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது பவள ஆய்வாளர்கள் தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் பயம் நியாயமாகப் படுகிறது. ஒருமுறை படர்ந்தால் கையால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் 1986லிருந்து கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அதனால் 2005ல் தமிழக அரசு இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும், தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்க ஆணையிட்டது. நம் கரை அந்தத் தெற்கில் வருகிறது. அனுமதி உண்டு என்பதால் பொறுப்பு இல்லாமல் போகாது. அடிவலை கட்டாயம், உடைந்த மிதவையை அன்றே தேடிக் கரையேற்ற வேண்டும், பாறை உள்ள இடத்துக்கு மேலே கட்டக் கூடாது. மனது கேட்கவில்லை என்றால் நம் கடலுக்குச் சொந்தமான கஞ்சிப்பாசியை வளர்க்கலாம். வருமானம் குறைவு, இந்தக் கவலை இல்லை.

கூடங்குளம் ஒலைத் தண்ணி வர்ற பக்கம் போடலாமா?

அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் நுழையவே தடை இருக்கிறது. அது தவிர, குளிர்விக்கப் பயன்பட்ட கடல்நீர் சூடாகத்தான் திரும்ப வருகிறது. பாசிக்குச் சூடு என்ன செய்யும் என்று வெளுப்பு பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். பாசி கடல்நீரில் உள்ள அயோடின் முதலானவற்றைத் தனக்குள் சேர்த்து வைக்கும் தன்மை கொண்டது. அதனால் எந்த ஊர்ச் சரக்கு என்று வாங்குகிறவர் கேட்கலாம், பரிசோதனைச் சான்று கேட்கலாம். அதை யார் செலவில் எடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்சு போட்டா எல்லாத்துக்கும் கெடைக்குமா?

ஆளுக்கு உண்டு. மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். மீனவர் நல வாரியத்திலும் பதிந்து வையுங்கள். பெண்கள் பலர் கணவர் பதிந்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் பேரில் அட்டை இல்லையென்றால் உங்களுக்கு எதுவும் இல்லை.

பயிருக்கு அவ்வளவு எளிதில்லை. பத்திரத்தில் ‘கடல்பாசி’ என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா, புயல் மட்டுமா, நோயும் சூடும் சேருமா, எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று படித்துக் கேளுங்கள். கட்டிய நாள், விதை எடை, மிதவையோடு எடுத்த படம் மூன்றும் இல்லாமல் எந்த ஈடும் நகராது. நோட்டுப் போடுங்கள். அந்த நோட்டு அடுத்த கேள்விக்கும் உதவும்.

எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்? போட்டாச்சேன்னு போட்டுக்கிட்டே இருக்கோம்.

தொடங்குவதற்கு முன்பே, மனம் கலங்காமல் இருக்கும்போது, எல்லையை எழுதி வைத்துவிடுங்கள். இவ்வளவு பணம் போனால் நிறுத்துவோம், தொடர்ந்து இரண்டு அறுப்பு விதை எடையைக் கூடத் தாண்டவில்லை என்றால் அந்த இடத்தை விடுவோம், வாங்குகிறவர் பாக்கி இவ்வளவுக்கு மேல் போனால் சரக்கு கொடுக்க மாட்டோம். தொகையைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். கூட்டக் குறிப்பில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நட்டம் வந்த நாளில் யார் குரல் உயர்கிறதோ அவர் சொல்வதுதான் முடிவாகும்.

நிறுத்துவது என்றால் முழுக்க விடுவது என்று பொருளில்லை. கச்சான் காலத்திலும் கடும் வெயிலிலும் விதைக்கு மட்டும் நாலைந்து மிதவையை அடங்கிய இடத்தில் வைத்துக் காத்துவிட்டு, மற்றதைக் கரையேற்றுங்கள். மூங்கிலைக் கழுவி நிழலில் அடுக்கினால் அடுத்த பருவத்துக்கு ஆகும். இடம் பார்க்கவும் தண்ணீர் சோதிக்கவும் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தனித்தனியாகப் போவதை விடக் குழுவாக, நோட்டோடு போங்கள்.